ரெண்டு சீட்டு கார்

பொறாமைப்படுவதற்கு ஒரு ஆள் வேண்டும். நாத்தனார், ஓரகத்தி, எதிர்வீட்டுக்காரி என்று கைக்கு எட்டுகிற தூரத்தில் யாராவது இருந்தால் சௌகரியம். முகத்தைத் திருப்பிக்கொள்ளலாம். கறிவேப்பிலை கேட்டு வந்தால் இல்லை என்று சொல்லலாம். எனக்கு வந்த பொறாமை ஒரு கார் மேல். அதனிடம் முகத்தைத் திருப்பி என்ன பிரயோஜனம்? நாலு சக்கரமும் இல்லாமல் கொல்லையில் செங்கல் அடுக்கின் மேல் உட்கார்ந்துகொண்டு, என் வீட்டுக்காரர் பல் விளக்குவதற்கு முன்னாலேயே அவரைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டிருந்தது அது.

அந்தக் கார் எங்கள் வீட்டுக்கு மருமகளோடு வந்தது. அவள் இளையரசனேந்தல் பக்கத்துப் பெண். அவளுடைய அப்பா மானாவாரி விவசாயி. தான் ஓட்டிக்கொண்டிருந்த சின்னக் காரைக் கல்யாணத்தில் மாப்பிள்ளைக்குக் கொடுத்தார். பழைய மாடல். தீப்பெட்டியைப் படுக்கப்போட்ட மாதிரி இருக்கும். என் மகன் சங்கரன்கோவிலிலேயே ஒரு ஆபீஸில் வேலை பார்க்கிறான். கொஞ்ச நாள் அதில் போனான். பிறகு ஒரு ஸ்கூட்டர் வாங்கிக்கொண்டான். அந்த ஸ்கூட்டரையும் காலை ஊன்றி ஊன்றித்தான் ஓட்டுவான், ஆட்டுக்குட்டியை நடத்திக் கூட்டிப்போகிற மாதிரி. கார் முருங்கை மரத்தடியில் போய் நின்றுவிட்டது. உள்ளே பூனை குட்டி போட்டது. மேலே நான் சுண்டவத்தல் காயப்போட்டேன். அந்தக் காலத்தில் எனக்கும் காருக்கும் நல்ல சிநேகிதம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மருமகள் சுடிதார் கையை மடித்துவிட்டுக்கொண்டு என் முன்னால் வந்து நின்றாள்.

"அத்தை, வத்தலை வேற எடத்துல போட்டுக்கிடுதீயளா? வண்டியைப் பிரிக்கப் போறேன்."

"இரும்புக்குப் போடப் போறியா?"

"இல்ல அத்தை. இதையே வேற வண்டியா கட்டப் போறேன். டர்போ வச்சு, அஞ்சு கியர் வச்சு."

"அதெல்லாம் வையி. அந்தப் பூனைக்கு எங்கட்டி போக்கிடம்?" என்று கேட்டேன். அந்தக் காரில் எனக்குத் தெரிந்த ஒரே சாமான் பூனைதான்.

அவள் பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு ஸ்பேர் பார்ட்ஸ் கடையில் வேலை பார்க்கிறாள். எந்த வண்டிச் சாமான் எந்த வண்டிக்குச் சேரும் என்பது அவளுக்குத் தூக்கத்தில் கேட்டாலும் வரும். அது எப்படி ஒரு வண்டியின் உறுப்பு இன்னொரு வண்டிக்குப் பொருந்தும் என்று நான் கேட்டபோது அவள் சொன்னாள்: "ஒரே கம்பெனி வண்டியெல்லாம் அண்ணன் தம்பி மாதிரி அத்தை. மூத்தவன் சட்டை இளையவனுக்குக் கொஞ்சம் புடிச்சுத் தச்சா சேந்துரும்." அப்படித்தான் அவள் ஆரம்பித்தாள். இந்தத் தம்பிக்கு மூத்த அண்ணனுடைய இன்ஜின். நடு அண்ணனுடைய கியர் பெட்டி. இன்னொருத்தனுடைய பிரேக்கு. எங்கேயோ மரத்தில் மோதி நசுங்கிப்போன ஒரு டீசல் காரிலிருந்து அந்த டர்போ.

"அப்ப இது யாரு பிள்ளைன்னு சொல்லுவ?"

"நம்ம பிள்ளைதான் அத்தை."

நான் மூணாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவள். டர்போ என்றால் என்ன என்று அவள் எனக்குச் சொல்லிக் கொடுத்ததைச் சொல்கிறேன், தப்பாக இருந்தால் அவளிடம் கேட்டுக்கொள்ளுங்கள். இன்ஜின் விடுகிற புகை சும்மாதானே வெளியே போகிறது. அது போகிற வழியில் ஒரு சின்னச் சக்கரத்தை வைத்துவிட்டால் புகை அதைச் சுற்றும். அதன் மறுபக்கம் இருக்கிற இன்னொரு சக்கரம் வெளிக்காற்றை இழுத்து இன்ஜினுக்குள் திணிக்கும். காற்று கூடினால் தீ கூடும். அடுப்புக்கு ஊதாங்குழல் வைக்கிற மாதிரிதான். ஊதுவதற்கு மட்டும் பொம்பளை ஆள் தேவையில்லை, அடுப்பே தன் புகையை வைத்துத் தன்னை ஊதிக்கொள்ளும். இது நல்ல ஏற்பாடாக இருக்கிறதே என்று எனக்கே தோன்றியது. என் வாழ்நாளில் பாதி அந்தக் குழலை ஊதியே போயிற்று.

கியரை மட்டும் கையால் போடுகிற மாதிரி ஏன் வைக்கிறாய், இப்போதெல்லாம் தானாகப் போட்டுக்கொள்கிற வண்டி வந்துவிட்டதாமே என்று என் மகன் கேட்டான். அவள் அவனைப் பார்த்த பார்வையில் அவன் சட்டினியைத் தேடப் போய்விட்டான்.

இதுவரைக்கும் எனக்கு ஒரு தொந்தரவும் இல்லை. மருமகள் என்னவும் செய்துகொள்ளட்டும். வந்த வினை என் வீட்டுக்காரர் ரூபத்தில் வந்தது.

அவர் பஸ் டிரைவராக இருந்து ஓய்வு பெற்றவர். கோவில்பட்டி ரோட்டில் அவர் பஸ் வளைவதைப் பார்த்தே வீட்டில் உலை வைத்த பெண்கள் உண்டு. ஓய்வு பெற்ற பிறகு அவருக்கு வேலை, பேப்பரைப் பிரிப்பதும் மடிப்பதும். கிரைண்டர் பெல்ட்டு அறுந்து கிடக்கிறது என்று நான் சொல்லிச் சொல்லி, கடைசியில் அம்மிக்கே திரும்பிவிட்டேன். அப்படிப்பட்ட மனுஷன் மருமகள் காரைப் பிரித்த அன்றைக்குப் பேப்பரைப் போட்டுவிட்டுக் கொல்லைக்குப் போனார். போனவர் சாப்பாட்டுக்கும் வரவில்லை.

எட்டிப் பார்த்தால் ஒரு பழைய சட்டியில் டீசலை ஊற்றி, நட்டு நட்டாக எடுத்துப் பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவிக்கொண்டிருக்கிறார். நான் பெற்ற பிள்ளையை அவர் ஒருநாள்கூட அப்படிக் குளிப்பாட்டியது இல்லை.

"சாப்பிட வாரீயளா, இல்ல அந்த நட்டையே தாளிச்சுக் குடுக்கவா?"

"இரு ட்டி. மக்கா அடுத்த போல்ட்டைக் கழட்டிட்டு இருக்கு."

மக்கா என்பது மருமகள். என்னை அவர் மக்கா என்று கூப்பிட்டு எனக்கு ஞாபகம் இல்லை. ஏட்டிதான். கோபம் வந்தாலும் ஏட்டி, கொஞ்சல் வந்தாலும் ஏட்டி, எது என்பதை நான்தான் குரலை வைத்துக் கண்டுபிடித்துக்கொள்ள வேண்டும்.

அதற்குப் பிறகு தினமும் இதேதான். அவள் கடையிலிருந்து வருவாள், ஒரு காகிதப் பொட்டலத்தைப் பிரிப்பாள். இரண்டு பேரும் தலையோடு தலை முட்டிக்கொண்டு பார்ப்பார்கள். "சேருமா மக்கா?" "சேரணும் மாமா." பொருத்துவார்கள். சேர்ந்துவிட்டால் அவர் சிரிக்கிற சிரிப்பு இருக்கிறதே, என் மகன் பிறந்த சேதியைக் கேட்டபோது கூட அவ்வளவு பல் தெரியவில்லை. நான் அடுப்படி ஜன்னல் வழியாகப் பார்ப்பேன். பார்த்துவிட்டு ரசத்தில் கொஞ்சம் மிளகைக் கூட்டிப் போடுவேன். இரண்டு பேருக்கும் கண்ணில் தண்ணீர் வரும். "ரசம் பிரமாதம்" என்று மூக்கை உறிஞ்சுவார்கள். அதிலும் எனக்குத் தோல்விதான்.

மருமகள் மேலும் கோபம் இருந்தது. ஆனால் அவளிடம் அதைக் காட்ட முடியாது. அவள் எனக்குப் பூ வாங்காமல் வீட்டுக்கு வருவதில்லை. பூ வாங்கிக்கொண்டு வருகிறவளிடம் எப்படிச் சண்டை பிடிப்பது? அதனால் எல்லாக் கோபத்தையும் கார் மேலேயே வைத்துக்கொண்டேன்.

பிறகு ஒருநாள் சீட்டு வந்தது. கறுப்பாக, பக்கவாட்டில் காது வைத்த இரண்டு சீட்டுகள். எங்கோ உடைத்த பெரிய காரிலிருந்து வாங்கியது. முன்னால் இரண்டையும் மாட்டினார்கள். பின்னால் இருந்த பழைய நீளச் சீட்டைத் தூக்கி வெளியே போட்டுவிட்டு அந்த இடத்தில் கம்பி கம்பியாக வெல்டிங் வைத்துவிட்டார்கள்.

"பின்னால யாரு உக்காருவா?"

"யாரும் உக்கார மாட்டாவ அத்தை. வண்டி உருண்டாலும் நசுங்காம இருக்கத்தான் கம்பி. பின்சீட்டு சும்ம வெயிட்டு."

ஆக, ஒன்று ஓட்டுகிறவளுக்கு. இன்னொன்று?

என் வீட்டுக்காரர் அந்த இன்னொன்றில் ஏறி உட்கார்ந்து பின்னால் சாய்ந்து பார்த்தார். "நல்லாத்தான் இருக்கு" என்றார். அவருக்கு என்று ஒதுக்கியாகிவிட்டது போல அவ்வளவு உரிமையாக.

அந்த நிமிஷத்தில் எனக்கு அந்தச் சீட்டு வேண்டும் என்று ஆகிவிட்டது. இதை எப்படி விளங்கவைப்பேன்? அவர் பஸ் ஓட்டிய காலம் முழுக்க நான் அவர் பக்கத்தில் உட்கார்ந்ததே கிடையாது. அந்தக் காலத்துப் பஸ்ஸில் டிரைவருக்குப் பக்கத்தில் இன்ஜின் மூடி இருக்கும், மெத்தை போட்டு. விடிகாலை வண்டியில் பூ மார்க்கெட்டுக்கு வருகிற பெண்கள் மல்லிகைப் பூ மூட்டையோடு அதில்தான் உட்காருவார்கள். இறங்கும்போது அண்ணாச்சிக்கு என்று ஒரு முழம் கொடுத்துவிட்டுப் போவார்கள். அதை அவர் கண்ணாடியில் சாமி படத்துக்குப் போடுவார். நான் ஏறினால் பின்னால் கைகாட்டுவார். "வீட்டுப் பொம்பளையை முன்னால உக்கார வச்சா டிப்போல சிரிப்பாவ." நானும் பின் சீட்டில், டயருக்கு மேலே, குலுங்கிக் குலுங்கிக் குருவிகுளம் வரைக்கும் போவேன். முன்னால் பூக்காரிகள் சிரிப்பது கேட்கும். அவரும் சிரிப்பார். என்ன சொல்லிச் சிரிக்கிறார்கள் என்பது மட்டும் கேட்காது.

"ஏட்டி மக்கா," என்றேன் மருமகளிடம், கீரை ஆய்ந்துகொண்டே, எனக்கு ஒன்றும் அக்கறை இல்லாத மாதிரி. "மொத மொத ஓட்டும்போது பக்கத்துல யாரு உக்காருவா?"

"நீங்க உக்காருதீயளா அத்தை?"

நான் வாயைத் திறப்பதற்குள் கொல்லையிலிருந்து குரல் வந்தது. "அவளுக்குப் பஸ்ல போனாலே தலை சுத்தும். எலுமிச்சம்பழத்தை மோந்துக்கிட்டே வருவா." தலை சுற்றியது டயருக்கு மேலே உட்கார வைத்ததால். அதை யாரிடம் சொல்ல?

வண்டியை எங்கே ஓட்டுவது என்று ஒரு பேச்சு வந்தது. இன்ஜினை மாற்றி, டர்போவை வைத்து, வண்டிக்கொரு உறுப்பாகச் சேர்த்து நிற்கிற காரை ரோட்டில் எடுத்தால் பிடித்துக்கொண்டு போய்விடுவார்கள் என்றாள் மருமகள். சொந்த இடத்துக்குள் ஓட்டினால் பிரச்சினை இல்லை. குருவிகுளம் பக்கத்தில் என் அப்பா எனக்கு எழுதி வைத்த கரிசல் புஞ்சை இருக்கிறது. உளுந்து எடுத்துவிட்டுச் சும்மா கிடந்தது. டிராக்டரை விட்டுச் சமப்படுத்தினால் சுற்றிச் சுற்றி ஓட்டலாம். ஆனால் ஒன்று, மழை விழுவதற்குள் ஓட்டியாக வேண்டும். விழுந்தால் கரிசல் மண் காலைப் பிடித்து வைத்துக்கொண்டு, செருப்பைக் கொடுத்தால்தான் விடும். வானம் வேறு மூட்டம் போடத் தொடங்கியிருந்தது.

அந்த அவசரத்தில்தான் கியர் பெட்டி நழுவியது. ஜாக்கியில் வைத்துத் தூக்கும்போது ஒரு பக்கம் சாய, மருமகள் கையைக் கொடுத்துத் தாங்கிவிட்டாள். இடது மணிக்கட்டு சுளுக்கிக்கொண்டது. டாக்டர் கட்டுப் போட்டுவிட்டு, கொஞ்ச நாளைக்கு அந்தக் கையால் எதையும் தள்ளக் கூடாது, இழுக்கக் கூடாது என்றார். என் வீட்டுக்காரர் துடித்துப்போனார். தைலம் வாங்கப் போனார், ஐஸ் வாங்கப் போனார், இளநீர் வாங்கப் போனார். அம்மிக்கல் விழுந்து என் கால் பெருவிரல் நசுங்கியபோது "அரைச்சு முடிச்சிட்டியா?" என்று கேட்டவர்.

அவளுக்குக் கை போனதை விட வண்டி நின்றுவிட்டதே என்றுதான் கவலை. அழவில்லை. அழுகை வந்துவிடும் போல மட்டும் இருந்தாள். இந்த வண்டியில் ஸ்டீயரிங் வலது பக்கம், கியர் நடுவில். வலது கையால் ஸ்டீயரிங் பிடித்துக்கொள்ளலாம். கியர் போட இடது கை வேண்டும். என் வீட்டுக்காரர்தான் வழி சொன்னார்.

"நீ கிளட்ச்சை மிதிச்சுட்டுச் சத்தம் குடு மக்கா. பக்கத்துல இருந்து நான் போடுதேன். நான் போடாத கியரா?"

போச்சு. இத்தனை நாள் அது வெறும் சீட்டாக இருந்தது. உட்கார மட்டும்தான் போட்டி. இப்போது அது வேலை தெரிந்தவர் உட்காருகிற இடமாகிவிட்டது. எனக்கு இருந்த கொஞ்ச வழியும் அடைந்துவிட்டது.

மருமகள் அவருக்குச் சொல்லிக் காட்டினாள். "ஒண்ணு, இடது பக்கம் தள்ளி மேல. ரெண்டு, அதே கோட்டுல நேரா கீழ. மூணு, நடுவுல மேல. நாலு, நேரா கீழ. அஞ்சு, வலது பக்கம் மேல."

அவர் காதில் வாங்கவில்லை. முகத்தில் ஒரு பெரிய மனுஷச் சிரிப்பு. "யாருட்ட சொல்லுத மக்கா?"

நான் வேர்க்கடலை உடைத்துக்கொண்டிருந்தேன். எனக்கு யாரும் சொல்லவில்லை. காது என்னுடையதுதானே, கேட்டுவிட்டது. அடுத்த நாள் இரண்டு பேரும் ஹோஸ் பைப்பு வாங்கப் போனபோது நான் கொல்லைக் கதவைச் சாத்திவிட்டு அந்தச் சீட்டில் ஏறி உட்கார்ந்தேன். பள்ளத்தில் விழுந்த மாதிரி இருந்தது. கியர் கம்பியைப் பிடித்தேன். இடது பக்கம் மேல. நேரா கீழ. நடுவுல மேல. முதலில் அது வர மாட்டேன் என்றது. வம்பாக இழுக்காமல் கொஞ்சம் நடுவில் நிறுத்தி, அது எந்தப் பக்கம் போக ஆசைப்படுகிறது என்று பார்த்துவிட்டுத் தள்ளினால் வழுக்கிக்கொண்டு போகிறது. என் மகனுக்குச் சின்ன வயசில் மருந்து கொடுத்த மாதிரிதான்.

என் மகனுடைய பெண், எங்கள் பேத்தி, பள்ளிக்கூடம் விட்டு வந்து ஜன்னலில் எட்டிப் பார்த்தாள். "ஆச்சி, என்ன செய்யுதீய?"

"சீட்டுல பூனை முடி இருக்கு. பெருக்குதேன்."

"அது புதுச் சீட்டு ஆச்சி. பூனை வரவே இல்லையே."

"அதான் வரதுக்கு முன்னாலயே பெருக்குதேன். போய்ப் பாலைக் குடி."

ஞாயிற்றுக்கிழமை காரைக் குட்டியானை லோடு வண்டியில் ஏற்றிப் புஞ்சைக்குக் கொண்டுபோனோம். என் மகன் வரவில்லை. பிள்ளையைப் பார்த்துக்கொள்கிறேன் என்று வீட்டிலேயே இருந்துகொண்டு, அரை மணிக்கு ஒருதரம் போன் போட்டான். "எம்மா, நீங்க அதுல ஏறிராதீங்க." யார் என்னை ஏற்றப் போகிறார்கள் என்ற வயிற்றெரிச்சலில் போனை வைத்தேன்.

கற்பூரம் காட்டி, தேங்காய் விடலை போட்டு, நாலு சக்கரத்துக்கு அடியிலும் எலுமிச்சம்பழம் வைத்தோம். கார் வெயிலில் நின்றது. கதவு ஒரு கலர், மூடி ஒரு கலர். அதைப் பார்த்தால் எனக்கே, என்ன சொல்ல, கொஞ்சம் திருஷ்டி கழிக்கலாம் போலத்தான் இருந்தது. ஊரில் பாதி திருஷ்டி என்னுடையது என்பதால் பேசாமல் இருந்தேன்.

மருமகள் ஹெல்மெட் போட்டுக்கொண்டு ஏறினாள். அவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பக்கத்தில் ஏறினார். ஏறும்போது என்னைப் பார்த்து ஒரு சிரிப்பு சிரித்தார். தூக்குவாளியும் தண்ணீர்ப் பாட்டிலுமாக வரப்பில் நின்றுகொண்டிருந்தேன். என் அப்பன் கொடுத்த நிலம், அதில் ஓரமாக நிற்கிறது நான். அப்போது எனக்கு வந்தது விளையாட்டுப் பொறாமை இல்லை. நெஞ்சுக்குள் பச்சை மிளகாயைக் கடித்த மாதிரி வந்தது. அந்த மனுஷர் யாரோடெல்லாமோ முன்னால் போகிறார். நான் மட்டும் எப்போதும் அவர் போவதைப் பார்த்துக்கொண்டு நிற்கிறேன்.

இன்ஜின் ஓடியது. புஸ்ஸென்று ஒரு மூச்சு.

"ஒண்ணு மாமா!"

அவர் போட்டார். கார் ஒரு குலுக்கு குலுக்கி நின்றுவிட்டது. எலுமிச்சம்பழம் நசுங்கவில்லை.

"மாமா, மேல."

"மேல ரிவர்ஸ்லா தாயி?"

"இதுல மேலதான் ஒண்ணு மாமா."

எனக்கு விளங்கிவிட்டது. அவர் ஓட்டிய பஸ்ஸில் இடது பக்கம் மேலே தள்ளினால் பின்னால் போகும், கீழே இழுத்தால்தான் ஒண்ணு. அதைப் பல தடவை அவரே வீட்டில் சோற்றுக் கரண்டியை வைத்து நடித்துக் காட்டியிருக்கிறார். அவர் தலைக்கு இது கார் என்று தெரியும். கைக்கு யார் சொல்வது?

மறுபடி கிளப்பினார்கள். இந்த முறை மேலேயே போட்டார். எலுமிச்சம்பழம் சப்பென்று நசுங்கியது. கார் நகர்ந்தது. நான் தூக்குவாளியைக் கீழே வைத்துவிட்டேன்.

"ரெண்டு!"

அவர் கை நடுவில் போய் மேலே ஏறியது. பஸ்ஸில் அதுதான் ரெண்டு. இங்கே அது மூணு. ஊர்ந்துகொண்டிருந்த கார் ஒரு முக்கல் முக்கி, இருமி, தும்மி, புஞ்சை ஓரத்து முள் உடைமரத்துப் பக்கத்தில் செத்துப்போய் நின்றது.

"ரெண்டு மாமா, ரெண்டு!"

"ரெண்டுதானே போட்டேன்!"

திரும்பக் கிளப்பினார்கள். திரும்ப அதே. இதற்குள் அவருக்கு வேர்த்துவிட்டது. பஸ் டிரைவர் கௌரவம் வேறு. கதவைத் திறந்து ஒரு காலை வெளியே வைத்து, ஒரு வார்த்தை சொன்னார். "பெட்டி செரியில்ல மக்கா. அந்த நடு அண்ணன் பெட்டி இதுக்குச் சேரல."

மருமகள் ஹெல்மெட்டைக் கழற்றினாள். முகம் சுருங்கிப்போயிருந்தது. அவ்வளவு நாள் சேர்த்துச் சேர்த்துக் கட்டியதை ஒரே வார்த்தையில் சேரவில்லை என்று சொல்லிவிட்டாரே. அதைப் பார்த்ததும் எனக்கு அவள் மேல் இருந்த கோபம் எங்கே போனது என்று தெரியவில்லை. அவர் மேல் இருந்தது மட்டும் பத்திரமாக இருந்தது.

நான் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு உடைமரத்துக்கு நடந்தேன்.

"எறங்குங்க."

"என்னட்டி?"

"பெட்டி செரியில்லன்னு சொல்லுதீயளே. அப்ப எறங்குங்க. நான் உக்காருதேன்."

"உனக்குக் கோட்டி புடிச்சிருக்கா? உனக்கு சைக்கிளே தெரியாது."

"அதான் நல்லது. நான் மறக்கதுக்கு ஒண்ணுமில்லல்லா."

"ஏட்டி, இது வெளயாட்டு இல்ல."

"இந்தப் புஞ்சைக்காடு யாரு பேர்ல இருக்கு?"

அவர் மருமகளைப் பார்த்தார். அவள் வானத்தைப் பார்த்தாள். அவர் இறங்கினார்.

ஏறுவதற்குள் எனக்குப் பிராணன் போய்விட்டது. கம்பி ஒரு பக்கம் இடிக்கிறது, முழங்கால் ஒரு பக்கம் இடிக்கிறது. ஹெல்மெட் கொண்டைக்கு மேல் நிற்க மாட்டேன் என்கிறது. கொண்டையை அவிழ்த்தேன். மருமகள் ஒற்றைக் கையால் பெல்ட்டை மாட்டிவிட்டாள். குனிந்து மெதுவாகக் கேட்டாள்: "அத்தை, நெசமாவே தெரியுமா?"

"பைய சத்தம் குடு. எனக்குக் காது நல்லாக் கேக்கும்."

"ஒண்ணு!"

இடது பக்கம், மேலே. போனது. கார் நகர்ந்தது.

"ரெண்டு!"

நேராகக் கீழே. ஒரு சின்ன நிறுத்தம், அது போக ஆசைப்படுகிற பக்கம் பார்த்து ஒரு தள்ளு. போனது. அவள் ஒரு கத்து கத்தினாள், பூக்காரிகளுக்கெல்லாம் கேட்டிருக்கும். "அத்தை!"

"என்னட்டி கத்துத? அடுத்ததைச் சொல்லு."

"மூணு!"

மூணில் போட்டதும் முதலில் ஒன்றுமே நடக்கவில்லை. இவ்வளவுதானா என்று நினைத்தேன். நினைத்து முடிப்பதற்குள் எங்கேயோ ஒரு விசில் சத்தம், மெலிசாக ஆரம்பித்து ஏறிக்கொண்டே போனது. அப்புறம் முதுகில் ஒரு தள்ளு. குற்றாலத்தில் மெயின் அருவிக்குள் தலையைக் கொடுத்தால் ஒரு கணம் சத்தம் மட்டும் கேட்கும், பிறகு மொத்தத் தண்ணீரும் தோளில் விழும், அந்த மாதிரி. இது முதுகுக்குப் பின்னால் விழுந்தது. சீட்டுக்குள் பதிந்துவிட்டேன். கண்ணாடியில் கரிசல் புழுதி கறுப்புச் சேலையாகப் பறந்துகொண்டு வந்தது. வரப்பு, உடைமரம், தூக்குவாளி, என் வீட்டுக்காரர், எல்லாம் ஒரு கோடாக ஓடிப்போயிற்று.

சுற்றிச் சுற்றி வந்தோம். அவள் சொல்வாள், நான் போடுவேன். கொஞ்ச நேரம் கழித்து அவள் சொல்லவும் இல்லை. அவள் காலை எடுக்கிற சத்தத்திலேயே என் கை போய்விட்டது. ஒவ்வொரு சுற்றிலும் வரப்பில் நின்ற மனுஷரைக் கடக்கும்போது நான் பார்த்தேன். அவர் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். முதல் சுற்றில் பயம் இருந்தது முகத்தில். பிறகு பயம் போய்விட்டது. அதற்குப் பிறகு வந்தது என்ன என்று எனக்கு நன்றாகத் தெரியும். பல வருஷமாக என் முகத்தில் நான் வைத்துக்கொண்டிருந்த சாமான் அது. என்ன சொல்லிச் சிரிக்கிறார்கள் என்று கேட்க முடியாதவருடைய முகம்.

இறங்கியதும் பக்கத்தில் வந்தார். "கியர் கம்பி கொஞ்சம் குட்டையா இருக்கு. அதான்."

"பெட்டி சேரலைன்னுல்லா சொன்னீய?"

"இப்ப சேந்துட்டு போல."

மருமகள் அவர் தோளைத் தொட்டு, "உங்க கை பஸ்ஸு கை மாமா" என்றாள். அவருக்கு அது ஆறுதலாக இல்லை. வீட்டுக்கு வந்து சோற்றைப் பிசைந்துகொண்டே இடது கையை மடியில் வைத்து மேலே கீழே அசைத்துக்கொண்டிருந்தார். நான் ரசத்தில் அன்றைக்கு மிளகைக் குறைத்துப் போட்டேன். எனக்கு இப்போது அது தேவைப்படவில்லை.

ஆனால் சீட்டு கிடைத்துவிட்டால் பொறாமை போய்விடும் என்று நினைத்தது தப்பு. அது இடம் மாறித்தான் உட்கார்ந்தது. மழை தள்ளிக்கொண்டே போயிற்று. அடுத்த ஞாயிற்றுக்கிழமையும் ஓட்டலாம் என்று மருமகள் சொன்னாள். நான் இப்போது அவளுடைய மணிக்கட்டு மேல் பொறாமைப்பட ஆரம்பித்தேன். அது நல்லபடியாக ஆறிக்கொண்டு வந்தது. ஆறிவிட்டால் அவளே கியர் போட்டுக்கொள்வாள். பக்கத்தில் கியர் போட ஆள் தேவையில்லை என்றால் அப்புறம் அங்கே யாரும் உட்காரலாம். பஸ்ஸுக் கைக்காரரும் உட்காரலாம்.

தினமும் காலையில் நானே கட்டை அவிழ்த்துத் தைலம் தடவினேன்.

"இன்னும் வீங்கித்தான் இருக்கு ட்டி."

"வீக்கம் போய்ட்டே அத்தை."

"உனக்கு என்ன தெரியும்? இது உள்வீக்கம். வெளிய தெரியாது."

கட்டை இறுக்கிச் சுற்றுவேன். அவர் தவறாமல் பக்கத்தில் வந்து நின்று, "அவிழ்த்து விடுட்டி, காத்தாட இருக்கட்டும்" என்பார். அவருக்கு வைத்தியம் தெரிய ஆரம்பித்ததே அந்த வாரத்தில்தான்.

சனிக்கிழமை காலையில் குழாயில் தண்ணீர் வந்தது. நான் அடுப்படி ஜன்னலில் நின்றிருந்தேன். மருமகள் நிறைகுடத்தை இடது கையால் கழுத்தைப் பிடித்துத் தூக்கி, ஒரு சொட்டு சிந்தாமல், இடுப்பில் வைத்துக்கொண்டு போனாள். என் சீட்டும் அந்தக் குடத்தோடு போகிறதே என்று எட்டிப் பார்த்தேன். வாசலில் பேப்பரோடு இருந்த அவரும் அதைப் பார்த்துவிட்டார். பேப்பரை மடித்த வேகத்திலேயே தெரிந்தது.

ஞாயிற்றுக்கிழமை அவர் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு சீக்கிரமே கிளம்பி வாசலில் நின்றார். காரைக் குட்டியானையில் ஏற்றியாகிவிட்டது. மருமகள் உள்ளேயிருந்து வந்தாள். இடது கையில் கட்டு. புதுக் கட்டு, நான் போட்டது இல்லை, முழங்கை வரைக்கும் சுற்றியிருந்தாள்.

"என்ன மக்கா இது? நேத்துக் குடம் தூக்குனியே?"

"அது வலது கை மாமா."

"இடது கைதான். நான் பாத்தேம்லா."

"அப்படியா?" என்று அவள் என் பக்கம் திரும்பினாள். முகத்தில் ஒரு சிரிப்பும் இல்லை. "அத்தை, நீங்களும் அங்கனதானே நின்னீய. எந்தக் கை?"

"எனக்கு எங்க தெரிஞ்சது?" என்றேன், குட்டியானையில் டிரைவருக்குப் பக்கத்தில் ஏற்கெனவே ஏறி உட்கார்ந்திருந்த இடத்திலிருந்து. "கண்ணு இப்பல்லாம் செரியாத் தெரிய மாட்டேங்கு."